கைராசி

நம்முடைய பேச்சு வழக்கிலே ‘கைராசி’ என்று ஒரு சொல் உண்டு. புதுக்கடை திறந்தால் முதல் வியாபாரத்துக்குக் கைராசிக்காரரைத் தேடுவோம். மரம் நடுவதற்கும் கைராசி பார்ப்போம். ஆனால் அந்தச் சொல்லுக்கு உயிர்ப் பெறுமதி வருவது பிள்ளைப்பேற்றிலேதான்.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே முன்னொரு காலத்தில் அடிக்கடி கண்ட காட்சி ஒன்றைச் சொல்கிறேன். நேரம் நடுச்சாமம். இடுப்பு நோக் கண்ட மகளை மாட்டு வண்டியிலோ வாடகைக் காரிலோ ஏற்றிக்கொண்டு தாய்க்காரி புறப்படுகிறாள். கூப்பிடு தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. வண்டி அதன் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டேயிருக்கிறது. வண்டிக்காரப் பொடியன் கேட்கிறான்: “ஏனணை ஆச்சி, இஞ்சை பக்கத்திலை ஒண்டு இருக்க, அவ்வளவு தூரம் போகவேணுமே?” ஆச்சியிடம் மறுமொழி ஆயத்தமாக இருக்கிறது: “அங்கை இருக்கிற டொக்டரம்மான்ரை கை ராசியான கை, தம்பி. நீ விடு வண்டியை.”

பெண்களுக்கென்றே இணுவிலில் 1898ஆம் ஆண்டு அமெரிக்க மிஷன் தொடங்கிய வைத்தியசாலைக்கு, அயலூர்களைத் தாண்டி வண்டிகள் வந்தது இப்படித்தான். அங்கே பெண் வைத்தியர்கள் இருந்தார்கள். ஆண் வைத்தியருக்கு முன்னே கூசி ஒடுங்கிய பெண்களுக்கு அதுவே பெரிய ஆறுதல். அந்த ஆறுதலும், அங்கு போய்ச் சுகமாகத் திரும்பிய பெண்களின் வாய்ச்சொல்லும் சேர்ந்ததுதான் ஆச்சியின் ‘கைராசி’.

படித்தவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. கையிலே ராசி இருக்குமா, இதெல்லாம் மூடநம்பிக்கை என்பார்கள். அவர்களோடு சேர்ந்து சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. ஏனென்றால், கைராசி என்பது உண்மையாகவே கையிலே இருந்த ஓர் ஊரைப் பற்றி வரலாறு சொல்கிறது. ஆயிரக்கணக்கான தாய்மாருக்கு வாழ்வையும் சாவையும் பங்கிட்டது அங்கே வைத்தியரின் கைதான். அதை முதலில் உணர்ந்து கொண்டவர்களும் வைத்தியர்கள் அல்லர். எழுத்தறிவு குறைந்த ஏழைப் பெண்கள். அந்த ஊர் வியன்னா.

இசைக்கும் அரண்மனைகளுக்கும் பேர்போன அந்த ஒஸ்திரியத் தலைநகரிலே, 1784ஆம் ஆண்டு, இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி மிகப் பெரிய பொது வைத்தியசாலை ஒன்றைத் திறந்து வைத்தார். அதில் ஒரு பகுதி பிரசவ மனை. அதற்கு உறுதுணையாக, கைவிடப்படும் குழந்தைகளை ஏற்கும் இல்லம் ஒன்றும் அமைந்தது. வீடும் வசதியும் உள்ள பெண்கள் அக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. மருத்துவிச்சியை வீட்டுக்கு அழைப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் வேறு வகையினர். பணக்கார வீடுகளிலே வேலைக்கு நின்ற பெண்கள், தையல் வேலை செய்து வயிறு வளர்த்தவர்கள், மணமாகாமல் கருவுற்று ஊரின் ஏச்சுக்கு அஞ்சி ஓடி வந்த கிராமத்துப் பெண்கள்.

சொந்த ஊரில் பிள்ளை பெற முடியாதவள் வேற்றூர் ஆஸ்பத்திரியைத் தேடி வருகிறாள் என்பதை அந்தச் சக்கரவர்த்தி நன்றாக அறிந்திருந்தார். அதற்கேற்ப விதிகளும் வகுக்கப்பட்டன. பணம் கட்டும் பகுதிக்கு வரும் பெண் முகத்திரையோடு வரலாம். அவள் யார் என்று எவரும் கேட்கக் கூடாது. தன் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்துக் கொடுத்தால் போதும். சுகமாகப் பிள்ளை பெற்றுத் திரும்பும்போது அந்த உறை பிரிக்கப்படாமலே அவள் கைக்கு வந்துவிடும். அவள் இறந்தால் மட்டும் அதைத் திறப்பார்கள்.

பணம் கட்ட இயலாத ஏழைகளுக்கு இலவசப் பகுதி இருந்தது. ஆனால் அந்த இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு. அவர்கள் தங்கள் உடம்பை மாணவர்களின் படிப்புக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும். நாளாந்தம் எத்தனை மாணவர் வந்து பரிசோதித்தாலும் மறுக்க முடியாது. அதற்கு ஈடாக, பிறந்த குழந்தையைக் குழந்தைகள் இல்லம் ஏற்றுக்கொள்ளும். அங்கே சேர்ந்த குழந்தைகளில் மிகப் பலர் வாழவில்லை என்பது இன்னொரு துயரக் கதை. ஆயினும் வேறு கதியற்ற ஒரு பெண்ணுக்கு அந்த வாசல் பெரிய அடைக்கலமாகவே இருந்தது.

இனி, நம்முடைய கதையின் மையத்துக்கு வருவோம். இலவசப் பிரசவ மனை வளர்ந்து இரண்டு பிரிவுகளாயிற்று. 1840ஆம் ஆண்டு ஒக்டோபரிலே ஓர் அரச கட்டளை வந்தது. முதலாம் பிரிவில் மருத்துவ மாணவர்கள் மட்டும் பயில வேண்டும். இரண்டாம் பிரிவில் மருத்துவிச்சி மாணவிகள் மட்டும் பயில வேண்டும். இரண்டு பிரிவுக்கும் பொதுவான முன்கூடம் ஒன்று. ஒரே கூரை, ஒரே சாப்பாடு, ஒரே காற்று. முறை வைத்துப் பெண்களைச் சேர்த்தார்கள். திங்கள் மாலை நாலு மணி தொடக்கம் செவ்வாய் மாலை நாலு மணி வரை வருபவர்கள் முதலாம் பிரிவுக்கு. அடுத்த நாள் வருபவர்கள் இரண்டாம் பிரிவுக்கு. இப்படி மாறி மாறிப் போய், வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை மட்டும் இரண்டு முழு நாட்களும் முதலாம் பிரிவுக்குரியவை.

இந்தக் கால அட்டவணை வியன்னாவின் ஏழைப் பெண்களுக்குப் பாடமாயிற்று. ஏனென்றால், முதலாம் பிரிவிலே தாய்மார் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். பிள்ளை பெற்ற ஒன்றிரண்டு நாளில் குளிர்காய்ச்சல், வயிற்று வீக்கம், பிதற்றல், பின்னர் மரணம். நம் பாட்டிமார் ‘சன்னி கண்டுவிட்டது’ என்று நடுங்கிய அதே பிரசவக் காய்ச்சல். 1841 முதல் 1846 வரையான ஆறு ஆண்டுகளில் முதலாம் பிரிவில் 20,042 பிரசவங்கள் நடந்தன. 1,989 தாய்மார் இறந்தார்கள். இரண்டாம் பிரிவில் 17,791 பிரசவங்கள். இறந்தவர்கள் 691 பேர். முன்னதில் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒருவர். பின்னதில் நூறு பேருக்கு நால்வர். இந்தக் கணக்கும் முழுமையானதல்ல. முதலாம் பிரிவில் நோய் முற்றியவர்களைப் பொது வைத்தியசாலையின் வேறு பகுதிகளுக்கு மாற்றுவது வழக்கம். அங்கே போய் இறந்தவர்கள் பிரசவ மனையின் ஏட்டில் ஏறவில்லை. ஏடு குறைத்துச் சொன்னது. ஊர்ப் பேச்சு குறைத்துச் சொல்லவில்லை.

ஆகவே பெண்கள் தெரிவு செய்யத் தொடங்கினார்கள். வாசலிலே வந்து இன்று எந்தப் பிரிவின் நாள் என்று கேட்பார்கள். முதலாம் பிரிவு என்று தெரிந்தால் முழங்காலில் விழுந்து, கைகளைப் பிசைந்து, தங்களை வெளியே விட்டுவிடும்படி மன்றாடுவார்கள். உள்ளே படுத்தவர்களோ, உடம்பு அனலாய்க் கொதிக்க, நா வறண்டு கிடக்க, தங்களுக்கு ஒன்றுமில்லை, பூரண சுகம் என்று சாதிப்பார்கள். மருந்து என்று வந்துவிட்டால் அதன் பின்னே சாவு வரும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள்.

வேறொரு வழியையும் அப்பெண்கள் கண்டுபிடித்தார்கள். வண்டியிலோ, வழியோரத்திலோ, நகரத்தில் ஒரு மருத்துவிச்சியின் துணையோடோ பிள்ளையைப் பெற்றுவிட்டு, அதன் பிறகு குழந்தையும் கையுமாக ஆஸ்பத்திரிக்கு வருவது! வரும் வழியில் பிரசவமாகிவிட்டது என்று சொன்னால் குழந்தைகள் இல்லத்தின் உரிமை கெடாது. ‘தெருப் பிரசவம்’ என்று ஆஸ்பத்திரிக்காரர் இதற்குப் பெயர் வைத்தார்கள். தெருவிலே, குளிரிலே, சேலையே திரைச்சீலையாகப் பிள்ளை பெற்ற பெண்ணின் நிலையை நம்மால் எண்ணிப் பார்க்க முடியும். வியன்னாப் பெண்கள் சேலை உடுத்தவர்கள் அல்லர். ஆனால் வேதனையும் கூச்சமும் எங்கும் ஒன்றுதானே. அப்படியிருந்தும் அவர்களிலே பிரசவக் காய்ச்சல் கண்டவர்கள் மிகக் குறைவு. பேராசிரியர்களின் கண்முன்னே படுத்தவள் இறந்தாள். தெருவிலே கிடந்தவள் பிழைத்தாள்.

இதற்குக் கற்றோர் சொன்ன காரணங்கள் பலப்பல. காற்றிலும் மண்ணிலும் உள்ள ஏதோ நச்சுத்தன்மை என்றார்கள். அப்படியானால் ஒரே கூரையின் கீழ் இருந்த இரண்டாம் பிரிவை அது ஏன் விட்டுவைத்தது? இட நெருக்கடி என்றார்கள். பெண்கள் அஞ்சி ஓடியதனால் நெருக்கடி மிகுந்தது இரண்டாம் பிரிவிலேதான்! பயமே நோய்க்குக் காரணம் என்றார்கள். பயம் சாவுகளைக் கண்ட பின்னர் வந்தது. முதற் சாவுகளுக்குப் பயம் எப்படிக் காரணமாகும்? 1846இல் ஓர் ஆணைக்குழு கூடி, வெளிநாட்டு மாணவர்களின் முரட்டுப் பரிசோதனையே காரணம் என்று முடிவு கட்டியது. மாணவர் தொகை 42இலிருந்து 20ஆகக் குறைக்கப்பட்டது. சிறிது காலம் சாவு குறைந்தது. பின்னர் முன்னிலும் அதிகமாயிற்று.

அந்த முதலாம் பிரிவிலே பேராசிரியர் கிளைனின் உதவியாளராக 1846ஆம் ஆண்டு நடுப்பகுதியில் சேர்ந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ். ஹங்கேரி தேசத்துப் பூடா நகரில் 1818இல், ஒரு பலசரக்கு வியாபாரியின் மகனாகப் பிறந்தவர். சட்டம் படிக்க வியன்னாவுக்கு வந்து, மருத்துவத்துக்கு மாறியவர். நாளாந்தம் காதில் விழுந்த அந்த மன்றாட்டு அவருடைய மனத்தைக் குடைந்தது. மற்றவர்கள் பெண்களின் பேதைமை என்று தள்ளிவிட்ட ஒன்றை, விடை தேட வேண்டிய கேள்வியாக அவர் எடுத்துக்கொண்டார். தெருவிலே பெற்றவள் ஏன் பிழைக்கிறாள்?

அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. இரண்டாம் பிரிவில் பெண்களை ஒருக்களித்துக் கிடத்திப் பிரசவம் பார்த்தார்கள். இவரும் அப்படியே செய்வித்தார். பயன் இல்லை. சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு இறுதிச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியோசையோடு ஐந்து அறைகளைக் கடந்து வருவார். அந்த ஓசையைக் கேட்டுப் பெண்கள் நடுங்குவார்கள். மணியின்றி வேறு வழியாக வரும்படி பாதிரியாரை வேண்டிக்கொண்டார். அதனாலும் பயன் இல்லை. நாட்கணக்கில் நோவெடுத்து, பலமுறை பரிசோதிக்கப்பட்ட பெண்களே கூடுதலாக இறக்கிறார்கள் என்பதை மட்டும் குறித்து வைத்தார்.

1847ஆம் ஆண்டு மார்ச் மாதம், களைத்த மனத்தோடு வெனிஸ் நகரத்துக்குப் போய்த் திரும்பியபோது ஒரு சாவுச் செய்தி காத்திருந்தது. அவருடைய நண்பர், சட்ட மருத்துவப் பேராசிரியர் கொலெச்கா இறந்துவிட்டார். பிரேத பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி அவர் விரலிலே தவறுதலாகப் பட்டிருந்தது. அவருடைய நோய்க் குறிப்பைப் படித்த செம்மல்வைஸ் திடுக்கிட்டார். அது பிள்ளை பெற்ற பெண்ணின் நோய்! பிள்ளை பெறாத ஆணொருவருக்கு அது எப்படி வந்தது? கத்தியில் ஒட்டியிருந்த பிணத்தின் கூறுதான் காரணமென்றால், பெண்களிடத்தில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எது?

விடை அவருடைய மணிக்கட்டுக்குக் கீழே இருந்தது. கை!

மருத்துவ மாணவர்களின் நாள் பிணவறையிலே தொடங்கியது. அங்கே கீறிப் பார்த்துவிட்டு, சவர்க்காரத்தால் ஏதோ கழுவிக்கொண்டு, பிணவாடை மாறாத கையோடு பிரசவ மனைக்குள் வருவார்கள். மருத்துவிச்சிகளுக்குப் பிணவறையில் வேலை இல்லை. தெருவிலே பெற்றவளைப் பரிசோதிக்க வேண்டியதில்லை. நெடுநேரம் நோவெடுத்தவளைப் பலர் பரிசோதித்தார்கள். எல்லாப் புதிர்களும் ஒரே நேரத்தில் அவிழ்ந்தன. பழைய ஏடுகளும் சாட்சி சொல்லின. கிளைனுக்கு முன்னிருந்த போயர் என்ற பேராசிரியர் மாணவர்களுக்குப் பிணத்தை வைத்துப் பிரசவ முறை கற்பிக்காமல், தோலினால் செய்த உருவத்தை வைத்துக் கற்பித்தவர். அவர் காலத்தின் கடைசி ஆண்டான 1822இல் இறந்த தாய்மார் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கிளைன் வந்த மறு ஆண்டில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இறந்தார்கள்.

1847 மே மாத நடுவில், பிரசவ மனைக்குள் வரும் ஒவ்வொருவரும் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று செம்மல்வைஸ் கட்டளையிட்டார். முந்திய ஏப்ரல் மாதத்திலே நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்திருந்தார்கள். ஜூன் மாதத்தில் அது இரண்டாயிற்று. ஜூலையில் ஏறத்தாழ ஒன்றாயிற்று. 1848ஆம் ஆண்டு முழுவதிலும் முதலாம் பிரிவில் 3,556 பிரசவங்களுக்கு இறந்தவர்கள் 45 பேர். இரண்டாம் பிரிவைவிடச் சற்றுக் குறைவு! அந்த ஆண்டின் இரண்டு மாதங்களில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

வெற்றியிலே களிக்க அவரால் முடியவில்லை. காரணம், பிணவறையில் மற்றவர்களைவிட அதிக நேரம் நின்று உழைத்தவர் அவரே. தாய்மாரின் சாவுக்குக் காரணம் தேடும் ஆவலில், தினந்தோறும் காலையில் இறந்தவர்களைப் பரிசோதித்து, அதே கையோடு உயிருள்ளவர்களிடம் போனவர் அவரே. தம்மால் எத்தனை பெண்கள் காலத்துக்கு முன்னே புதைகுழிக்குப் போனார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம் என்ற கருத்தை அவர் தம் நூலிலே எழுதி வைத்தார். ஒரு மருத்துவர் தம்மீது தாமே சாட்டிய குற்றப்பத்திரம் அது. மற்ற மருத்துவர்கள் அப்படி ஒரு பத்திரத்தில் ஒப்பமிட ஆயத்தமாக இருக்கவில்லை. ‘உன் கைதான் கொன்றது’ என்று சொன்னால் எந்தக் கனவான் ஏற்பார்? பொஸ்டன் நகரில், கவிஞரும் கட்டுரையாளருமான டாக்டர் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ், இந்நோயை வைத்தியர்களே காவிச் செல்கிறார்கள் என்று 1843இலேயே எழுதியபோதும் இதே எதிர்ப்புத்தான் கிளம்பியது.

செம்மல்வைஸிடமும் குறை இருந்தது. கண்டதை உடனே எழுதவில்லை. அவருடைய நூல் வெளிவந்தது 1861இலே. இடையில் பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. 1849இல் வியன்னாப் பதவி நீடிக்கப்படாமற்போக, அடுத்த ஆண்டு ஹங்கேரிக்குத் திரும்பி, பெஸ்த் நகரிலும் அதே முறையால் தாய்மாரைக் காப்பாற்றினார். எதிர்த்தவர்களைக் கொலைகாரர் என்றே பகிரங்கக் கடிதங்களில் ஏசினார். மனம் கலங்கி, 1865 ஓகஸ்ட் மாதம், 47ஆவது வயதில் வியன்னாவின் மனநோய் விடுதி ஒன்றில் இறந்தார். காயம் ஒன்றிலிருந்து இரத்தம் நஞ்சாகி, தாம் எந்த நோயோடு போராடினாரோ அதே வகை நோயினால் மாண்டார். நோயின் கிருமியைப் பாரிஸில் பாஸ்டர் காட்டியது 1879இலே. பிரெஞ்சு நாவலாசிரியர் செலின் தம் மருத்துவப் பட்டத்துக்காக 1924இல் எழுதிய ஆய்வு, செம்மல்வைஸின் வாழ்க்கையைப் பற்றியதாகும்.

செம்மல்வைஸ் கை கழுவும் பாத்திரத்தை வாசலில் வைத்த அதே 1847ஆம் ஆண்டிலேதான் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1857இல், ‘பிரசவ வைத்தியம்’ தமிழிலே நூலாயிற்று. மருத்துவ அறிவு மக்களின் மொழியில் இருக்க வேண்டும் என்று நம்பியவர் அவர். அந்த நம்பிக்கைக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. வைத்தியர் தம் அறிவை மக்களுக்குச் சொன்னால் மட்டும் போதாது; மக்கள் தம் மொழியில் சொல்வதை வைத்தியரும் கேட்க வேண்டும். வியன்னாவில் அந்த இரண்டாவது காரியம் நடக்க ஆறு ஆண்டுகள் சென்றன. அதற்குக் கொடுத்த விலை ஆயிரக்கணக்கான உயிர்கள்.

இன்று நம் நாட்டிலே பிள்ளைப்பேறு பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலேதான் நடக்கிறது. ஆனாலும் பக்கத்து ஆஸ்பத்திரியைக் கடந்து தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய்மார் இன்றும் உண்டு. எல்லாரும் சரியாகத்தான் தெரிவு செய்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. தூரப் பயணத்திலே ஆபத்தும் உண்டு. வதந்தியை நம்பி அலைபவர்களும் உண்டு. ஆனால் ஓர் ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒரு வாசலைக் கடந்து போகிறார்கள் என்றால், ‘அறியாமை’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாகாது. அந்த வாசலுக்குள்ளே அவர்கள் எதைக் கண்டார்கள் என்று கேட்க வேண்டும். ஏசிய சொல்லா, காத்துக் கிடந்த நேரமா, ஒரு மரணமா? கைராசி என்பது தாய்மார் தம் நினைவிலே வைத்திருக்கும் கணக்குப் புத்தகம். அதில் பிழை இருக்கலாம். அதைத் திறந்து பாராமலே பிழை என்று சொல்வதுதான் பெரும்பிழை.

புடாபெஸ்ட் நகரிலே, செம்மல்வைஸ் பணிபுரிந்த ஆஸ்பத்திரியின் முன்னால் அவருக்கு ஒரு சிலை நிற்கிறது. அதன் அடியிலே குழந்தையை ஏந்திய தாயொருத்தி அமர்ந்திருக்கிறாள். அவருக்குப் பெயர் பொறித்திருக்கிறார்கள். அவளுக்குப் பெயர் இல்லை. வியன்னா வாசலிலே முழங்காலில் விழுந்து, ‘இந்தப் பிரிவு வேண்டாம் ஐயா’ என்று கதறியவர்களுக்கும் வரலாற்றிலே பெயர் இல்லை. பிரிக்கப்படாமல் திருப்பிக் கொடுத்த உறையைப்போல, பிழைத்தவர்களின் பெயர்கள் அவர்களோடே ஊர் திரும்பிவிட்டன. ஆனால் அந்தக் கையைப் பற்றி முதலில் சொன்னவர்கள் அவர்களே.